அத்தியாயம் 7: உடம்பு கட்டுதல்

பள்ளிக்கூட நாடகங்களில் செட்டியார், மந்திரி, நத்தார் தாத்தா எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான். ஒரு தலையணையை வயிற்றில் வைத்து, மேலே சால்வையால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். முதற் காட்சியில் சபை சிரிக்கும். இரண்டாம் காட்சியில் தலையணை நெஞ்சுக்கு ஏறும். மூன்றாம் காட்சியில் நடிகர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வசனம் பேசுவார். அந்தக் கையை விடுவிப்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

ஆளின் உருவத்தையே மாற்றும் உடுப்பு நமக்குப் புதிதல்ல. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசர்கள் கட்டும் கரப்புடுப்பு அப்படிப்பட்டதுதான். இடுப்பிலிருந்து கீழே அகன்று விரியும் கூட்டின்மேல் துணியும் அலங்காரமும் வரும். ஆட்டக்காரர் சுழலும்போது அவருடைய உடம்பைவிட இரண்டு மடங்கு அகலமான ஓர் ஆள் களரியில் தெரிவார். பேராசிரியர் சு.வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை நகர மேடைக்குக் கொண்டுவந்தார். 'இராவணேசன்' கூத்தில் சி.மௌனகுரு இராவணனாக ஆடினார். இந்த இடமாற்றத்தில் நமக்கு ஒரு தொழிற்பாடம் இருக்கிறது. வட்டக் களரியைச் சுற்றிவர ஆட்கள் இருப்பார்கள், எனவே உடுப்பின் முதுகும் முன்பக்கம் போலவே நேர்த்தியாக இருக்கவேண்டும். 1911இல் திறந்த மருதானை டவர் மண்டபம் போன்ற சட்டக மேடையில் சபை ஒரு பக்கம்தான். அங்கே நடிகர் பக்கவாட்டில் திரும்பும்போது தெரியும் கோடுதான் எல்லாம். எந்த மேடைக்கு என்று கேட்காமல் கத்திரிக்கோலை எடுக்கவேண்டாம்.

யப்பானியக் கபுக்கி அரங்கில் மல்லர் வேடம் எடுப்பவர்கள் பஞ்சு அடைத்த உடற்சட்டையை உள்ளே போட்டுக்கொள்வார்கள். 1996இல் 'அவ்வை சண்முகி' படத்துக்கு கமல்ஹாசனை மாமியாக்கியபோது முகத்துக்கே பெரும் வேலை நடந்தது, ஏனென்றால் கமரா முகத்துக்கு அருகே வரும். மேடையில் நிலைமை வேறு. பத்தாவது வரிசையில் இருப்பவர் முகத்தின் சுருக்கத்தைக் காணமாட்டார். தோள் எப்படித் தொங்குகிறது, கால் எவ்வளவு அகட்டி வைக்கப்படுகிறது என்பதைத்தான் காண்பார். நமது வேலை கழுத்துக்குக் கீழே.

பார்க்கப் பழகுதல்

ஊசி எடுக்குமுன் ஒரு கிழமை சும்மா பாருங்கள். கொழும்பின் தெமட்டகொடையில் இருப்பவருக்கு இதற்குக் குறைவில்லை. ரயில் நிலைய மேடையில் காலை நேரத்தில் நின்றால் எல்லா வயதும் எல்லா உடம்பும் கண்முன்னால் போகும். பெரிய வயிற்றுக்காரர் வாங்கில் எப்படி இருக்கிறார் என்று கவனியுங்கள். முதலில் முழங்காலை அகட்டுவார், ஒரு கையைத் தொடையில் ஊன்றுவார், கடைசி நாலு அங்குலத்தை விழுந்தே கடப்பார். இருந்த பிறகு வயிறு தொடைமேல் வந்து தங்கும், சேர்ட்டின் நடுப் பொத்தானில் இழுவை விழும். நடக்கும்போது அவர் முன்னால் சாய்வதில்லை. வயிற்றுப் பாரத்தைச் சமப்படுத்தத் தோளைப் பின்னே எடுத்து, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நடப்பார்.

படம் பிடிக்கவேண்டாம், முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். வீட்டுக்கு வந்து, காறை எலும்பிலிருந்து முழங்கால் வரை பக்கவாட்டுக் கோட்டை மட்டும் ஒரு தாளில் கீறுங்கள். வயிறு எங்கே தொடங்குகிறது? பெரும்பாலானவர்களுக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி, தொப்புளுக்குக் கீழேதான் மிக வெளியே வரும். தலையணை கட்டுகிறவர்கள் எல்லாம் அதை நேர் நடுவில் கட்டுகிறார்கள். பொய் என்று சபைக்கு உடனே தெரிவதற்கு அதுதான் முதற் காரணம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம்முடைய நாடகங்களில் பருத்த ஆள் மேடைக்கு வந்தாலே சிரிப்பதற்கு என்று ஆகிவிட்டது. உடம்பு கட்டுகிறவருக்கு இதில் பங்கு உண்டு. அளவுக்கு மீறிய, நடக்க முடியாத ஓர் உருண்டையை நீங்கள் தைத்துக் கொடுத்தால் நடிகருக்கு உருண்டையாக நடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு மனுசனின் உடம்பைத் தைத்துக் கொடுங்கள். சிரிப்போ அழுகையோ, அது வசனத்திலிருந்து வரட்டும்.

சாமான்

பொலியஸ்டர் பஞ்சுத் தாள், மெத்தைக் கடை ஸ்பொஞ், இலவம் பஞ்சு, தும்பு, இறப்பர்ப் பால் மெத்தைத் துண்டு எல்லாம் கொழும்பில் கிடைக்கும். புதிதாகப் பழகுபவர் பொலியஸ்டர் பஞ்சுத் தாளில் தொடங்குங்கள். பாரம் குறைவு, தோய்க்கலாம், பிழையாக வெட்டினால் இன்னொரு துண்டை மேலே போட்டு மறைக்கலாம். இலவம் பஞ்சு மெதுமையானது, ஆனால் வியர்வை பட்டால் கட்டிகட்டியாகும். தும்பு குத்தும், ஆனால் கூனுக்கு உள்ளே வைக்கும் விறைப்பான அடிப்பாகத்துக்கு நல்லது. இறப்பர்ப் பால் மெத்தை மிக அழகாக ஆடும், அதேயளவு பாரமும் சூடும் அதற்கு உண்டு. ரெஜிபோமைத் தொடவே வேண்டாம். நடக்கும்போது கீச்சிடும், உடையும், உடம்போடு வளையாது.

தடித்த ஸ்பொஞ்சை முழு மெத்தையாக வாங்காமல், பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகன ஆசனங்களுக்கு குஷன் வேலை செய்பவர்களிடம் வெட்டுத் துண்டு கேட்டுப் பாருங்கள். ஒரு பிற்பகல் அங்கே நின்று வேலையைப் பார்ப்பதும் நல்ல படிப்பு. ஸ்பொஞ்சின் ஓரத்தைச் சரிவாகச் சீவி, மேலே துணி இழுத்து, மடிப்பில்லாமல் கொண்டுவரும் கையை வேறெங்கும் இவ்வளவு கிட்ட நின்று பார்க்க முடியாது. உள்சட்டைக்கு லைக்ரா கலந்த பனியன் துணி வேண்டும். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும், மகரகமைக்கு அருகே பமுனுவவிலும் ஆடைத் தொழிற்சாலை மிச்சத் துணிகள் கிடைக்கும். தோல் நிறத்தில் தேடி அலையவேண்டாம். வெளியே தெரியாத துணிக்கு நீட்சிதான் முக்கியம், நிறமல்ல.

உள்சட்டை

எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. பஞ்சு ஒருபோதும் நடிகரின் உடம்பில் கட்டப்படுவதில்லை. உடம்பை ஒட்டிய கையில்லாச் சட்டை ஒன்று தைத்து, பஞ்சை அந்தச் சட்டையில்தான் தைக்கவேண்டும். அந்தச் சட்டை இடுப்போடு முடியக்கூடாது. கால்களுக்கு நடுவே பட்டி போய்ப் பின்பக்கம் சேரவேண்டும், அல்லது அரைத் தொடை வரை கால் வரவேண்டும். தலையணை நெஞ்சுக்கு ஏறியதற்குக் காரணம் அதைக் கீழே பிடித்து வைக்க எதுவும் இல்லாததுதான்.

அளவு எடுக்கும்போது எல்லாரும் எடுக்கும் நெஞ்சு, இடுப்பு, ஆசனத்தோடு இன்னொன்றையும் எடுங்கள். தோளில் தொடங்கி, முன்னால் இறங்கி, காலிடையால் போய், முதுகால் ஏறி அதே தோளுக்கு வரும் முழுச் சுற்று. இதை நடிகர் நிற்கும்போது ஒருமுறையும், குனியும்போது ஒருமுறையும் எடுக்கவேண்டும். இரண்டும் ஒன்றாக இராது. பெரிய அளவுக்கே வெட்டுங்கள், மிச்சத்தை லைக்ரா பார்த்துக்கொள்ளும். முதுகில் நீளமாகச் சிப் போட்டு, காலிடைப் பட்டியை வெல்குரோவால் அல்லது பெரிய கொளுக்கியால் திறக்கும்படி செய்யுங்கள். மலசலகூடத்துக்குப் போக முடியாத உடுப்பைப் போட்ட நடிகர் தண்ணீர் குடிக்கமாட்டார். அது என்ன ஆபத்து என்று பின்னால் சொல்கிறேன்.

தையல் டம்மி இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம். நடிகருக்கு வேண்டாத ரீசேட் ஒன்றைப் போட்டு, மேலே பக்கிங் டேப்பை மூன்று சுற்று ஒட்டி, முதுகால் வெட்டிக் கழற்றி, உள்ளே பத்திரிகைத் தாள் அடைத்துக்கொள்ளுங்கள். அது அவருடைய உடம்பு. இரவு முழுக்க உங்களோடு இருந்து வேலை வாங்கும், நடிகரைத் தெமட்டகொடைக்கும் வெள்ளவத்தைக்கும் அலைக்கழிக்கத் தேவையில்லை.

அடுக்கு

நடிகரின் வயிற்றுச் சுற்று 32 அங்குலம், பாத்திரத்துக்கு 44 வேண்டும் என்று வையுங்கள். வித்தியாசம் 12. சுற்றிவர ஒரே தடிப்பில் போடுவதானால் 12ஐ 6.28ஆல் வகுத்தால் வரும் 1.9 அங்குலம் போதும். ஆனால் அப்படிப் போட்டால் பீப்பாதான் வரும். முதுகில் அரை அங்குலம், விலாப்பக்கம் ஒன்றரை, முன்னால் நாலரை என்று பகிர்ந்து பாருங்கள். சுற்றளவு ஏறக்குறைய அதே 44தான், ஆனால் இப்போது அது ஓர் ஆளின் வயிறு.

அந்த நாலரை அங்குலத்தை ஒரே கட்டியாக வைக்கக்கூடாது. அரை அங்குலத் தாள்களாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றவேண்டும். இங்கேதான் பழகுபவர்கள் குழம்புவார்கள். பெரிய துண்டை அடியில் வைத்து, சிறியதை மேலே வைத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு தாளின் ஓரமும் படிக்கட்டாகத் தெரியும், எவ்வளவு மூடினாலும் மறையாது. சிறிய துண்டு உடம்போடு, அதைவிடச் சற்றுப் பெரியது அதன்மேல், எல்லாவற்றையும் மூடும் பெரிய தாள் கடைசியில். அப்போது ஓரம் எல்லாம் உள்ளே போய்விடும். ஒவ்வொரு தாளின் விளிம்பையும் கையால் பிய்த்து மெலிதாக்குங்கள், கத்திரிக்கோலால் வெட்டிய நேர் ஓரம் மேலே தெரியும். ஸ்பொஞ் என்றால் பாண் வெட்டும் பல்லுக் கத்தியால் சரிவாகச் சீவி, பிறகு சிறு கத்திரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுங்கள்.

தையல் தளர்வாக இருக்கட்டும். நூலை இழுத்து இறுக்கினால் அந்த இடம் குழி விழும். மெத்தையில் அது அழகு, வயிற்றில் அல்ல. ஸ்பொஞ்சைச் சப்பாத்துப் பசையால் ஒட்டுகிறவர்கள் கதவைத் திறந்துவைத்து, முடிந்தால் வெளி விறாந்தையில் வைத்து ஒட்டுங்கள். தெமட்டகொடைத் தோட்ட வீடுகளின் சின்ன அறைக்குள் அந்த மணம் தலையைச் சுற்றவைக்கும், பக்கத்தில் குழந்தைகளும் இருப்பார்கள்.

வயிற்றை ஒரே துண்டாகச் செய்யாமல், தொப்புளுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டாகப் பிரித்து, நடுவே விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். நிற்கும்போது அது மூடும். இருக்கும்போது அந்த இடத்தில் மடியும், அசல் உடம்பு மடிகிற இடமும் அதுதான். அக்குள், தொடை மூட்டு, முழங்கை எல்லாவற்றுக்கும் இதே விதி. மூட்டு உள்ள இடத்தில் பஞ்சு இருக்கக்கூடாது.

இனிப் பாரம். பஞ்சு வயிறு எவ்வளவு அழகாக இருந்தாலும் நடிகர் திரும்பும்போது அது கூடவே விறைப்பாகத் திரும்பும். அசல் வயிறு ஒரு நொடி பிந்தித் திரும்பும். வயிற்றின் அடிப்பாகத்தில், கடைசித் தாளுக்கு உள்ளே, பிளாஸ்டிக் குருணை நிரப்பிய ஒரு சின்னத் துணிப்பையைத் தையுங்கள். 300, 400 கிராம் போதும். பயறோ அரிசியோ போடவேண்டாம், வியர்வையில் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு வரும். இந்தப் பை வந்ததும் நடிகரின் நடை தானாக மாறும். பாரம் அவரைப் பின்னே சாயவைக்கும், ரயில் நிலையத்தில் நீங்கள் பார்த்த அதே சாய்வு. நெறியாளர் சொல்லிக் கொடுக்கவேண்டியதில் பாதியை உங்கள் குருணைப் பை சொல்லிக் கொடுத்துவிடும்.

கடைசியில் எல்லாவற்றையும் மூடி ஒரு பனியன் துணித் தோல். அதற்கு மேலே போடும் வேட்டியையும் சட்டையையும், உடம்பு கட்டிய பிறகு அளந்துதான் தைக்கவேண்டும். பழைய அளவில் தைத்துவிட்டுப் பிரித்து அகலப்படுத்துவது இரட்டை வேலை. வேட்டியைப் பொய் வயிற்றின் மேலே கட்டாமல் கீழே இறக்கிக் கட்டுங்கள்.

வேறு உடம்புகள்

இசை நாடகத்தில் ஆண்களே பெண் வேடம் கட்டிய வழக்கம் இன்றும் சில இடங்களில் உண்டு. அதற்கு இடுப்பெலும்பில் தொடங்கி அரைத் தொடையில் மெலிந்து முடியும் இரண்டு ஸ்பொஞ் துண்டுகள் போதும், ஆசனத்துக்கு இன்னும் இரண்டு. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று இறுக்கமான நீள்காலுறைகளைப் போட்டால் ஓரம் மறையும். நெஞ்சைப் பெரிதாக்குவதைவிட இடுப்பை அகலப்படுத்துங்கள், சேலைக்கு அதுதான் உருவம் கொடுக்கும்.

மந்தரையின் கூனை நட்டநடுவில் வைக்காதீர்கள். ஒரு தோளுக்குப் பின்னால் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் வைத்து, உயரமான பக்கத்துக் கையை அரை அங்குலம் குட்டையாகத் தையுங்கள். வீமனுக்கும் கும்பகர்ணனுக்கும் தசை கட்டுவதானால் தோளுருண்டை, மார்பு, புயம் மூன்றும் தனித்தனித் துண்டுகள், நடுவே பள்ளம். பள்ளத்தில் சற்றுக் கடும் நிறம் பூசினால் மேடை வெளிச்சத்தில் இன்னும் ஆழமாகத் தெரியும். லயனல் வென்ட் அரங்கில் நடக்கும் பாடசாலை ஷேக்ஸ்பியர் போட்டிக்கு ஃபால்ஸ்டாஃப் செய்பவர்கள் வயிற்றோடு நிறுத்திவிடாமல் கழுத்துக்கும் கணுக்காலுக்கும் வேலை செய்யுங்கள். மெலிந்த பதினாறு வயதுக் கழுத்து ஒரு பெரிய வயிற்றையே காட்டிக்கொடுத்துவிடும். உயர்ந்த கழுத்துப்பட்டி அதை மறைக்கும்.

வாணி விழாப் பிள்ளையார் தனிக் கதை. அந்த வேடத்தைப் போடுபவர் எட்டு வயதுப் பிள்ளை. பெரியவர்களுக்குச் சொன்ன அளவெல்லாம் இங்கே பாதி. தும்பிக்கையோடு முகமும் மூடியிருக்கும், வயிறும் கட்டியிருக்கும், மண்டபத்தில் மின்விசிறி மேடைக்கு எட்டாது. பிள்ளைகள் "அக்கா, ஏலாது" என்று சொல்லமாட்டார்கள், அம்மா முன்வரிசையில் இருப்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே பிள்ளையாருக்கு வயிற்றை மட்டும் முன்னால் கட்டி, முதுகைத் திறந்து விடுங்கள். ஆசனத்தில் இருக்கும் கடவுளின் முதுகை யாரும் பார்ப்பதில்லை.

சூடும் நெருப்பும்

கொழும்பின் காற்றில் ஈரம் கூட. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு ஆறும், இந்த ஊரில் அது சும்மா இருக்கும்போதே உலராது. அதன்மேல் நாலரை அங்குலப் பஞ்சு. இதை அழகுக் கணக்குக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்திலேயே அக்குளுக்குக் கீழேயும் முதுகுத் தண்டு வழியேயும் பஞ்சில்லாத வலைத் துணிப் பாதை விடுங்கள். பிடரிக்கும் அக்குளுக்கும் அருகே சின்னப் பைகள் தைத்து, ஐஸ் பக்கற்றைத் துணியில் சுற்றி வைக்கும்படி செய்யலாம். ஒரேயடியாக இருபது நிமிடத்துக்கு மேல் போட்டிருக்க விடவேண்டாம். காட்சி முடிந்ததும் சிப்பைத் திறந்து, விசிறி முன்னால் இருத்தி, தண்ணீர் கொடுப்பதற்கு ஒருவர் பக்கத்திரைக்குப் பின்னால் நிற்கவேண்டும். தலைச்சுற்று, குமட்டல், தலையிடி, பேச்சுக் குழறுதல் என்று எது கண்டாலும் நாடகத்தை நிறுத்தி உடுப்பைக் கழற்றுங்கள். சிப் இறுகினால் கத்திரிக்கோலால் வெட்டுங்கள். உடுப்பைத் திரும்பத் தைக்கலாம்.

நெருப்பு அதைவிட மோசம். மெத்தை ஸ்பொஞ் பற்றினால் மிக விரைவாக எரியும், அதன் புகையில் காபனோரொட்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் இருக்கும். பொலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். நம்முடைய மேடைகளிலோ குத்துவிளக்கு இல்லாமல் எதுவும் தொடங்குவதில்லை, சாமி வேடத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தாமல் எதுவும் முடிவதில்லை. உடம்பு கட்டிய நடிகருக்கு மூன்று அடிக்குள் சுடர் வரக்கூடாது என்று நெறியாளரிடம் முதற் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். கற்பூரத் தட்டில் மின்கல விளக்கு வைத்தாலும் சபை கும்பிடும். மேடையின் இரண்டு பக்கமும் ஈரச் சாக்கும் வாளித் தண்ணீரும் இருக்கட்டும்.

கொடுப்பதும் காப்பதும்

முடிந்த உடுப்பை அரங்கேற்றத்துக்கு முதல்நாள் கொடுப்பது பெரிய அநியாயம். தைத்து முடியாத பாதி வேலையாக இருந்தாலும் இரண்டு கிழமைக்கு முன் ஒத்திகைக்குக் கொடுங்கள். முதல்நாள் ஐந்து நிமிடம், பிறகு பத்து என்று உடம்பு பழகவேண்டும். நடிகர் அதைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்து எழும்பட்டும், கீழே விழுந்த துண்டை எடுக்கட்டும், படி ஏறட்டும். எங்கே இறுக்குகிறது, எங்கே உரசுகிறது என்று சோக்குக்கட்டியால் அடையாளம் போட்டுக்கொண்டு அதே இடத்தில் பிரியுங்கள்.

ஒவ்வொரு மேடையேற்றத்துக்குப் பிறகும் உட்பக்கத்தை வெளியே திருப்பி, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கொஞ்சம் தண்ணீர் கலந்து விசிறி அடித்துக் காற்றில் உலரவிடுங்கள். ஸ்பிரிட் பற்றக்கூடியது, நன்றாக உலருமுன் யாரும் அதைப் போடக்கூடாது. உடம்பைத் தொடும் உள்பனியன் இரண்டு இருந்தால் ஒன்றைத் தோய்த்து மற்றதைப் போடலாம். பஞ்சு உடுப்பைக் கொழுவியில் தொங்கவிட்டால் பாரம் எல்லாம் அடிக்கு இறங்கும், ஆகவே படுக்கையாக வைத்து, பழைய வெள்ளைத் துணியால் மூடுங்கள். பொலித்தீன் பையில் கட்டிவைத்தால் மழைக்காலம் முடியுமுன் பூஞ்சணம் பிடித்துவிடும். ஸ்பொஞ் மஞ்சளாகி, விரலால் அழுத்தத் தூளாக உதிரத் தொடங்கினால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்சட்டையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாடகத்துக்கு அதிலிருந்தே தொடங்கலாம்.